அப்புறம் அம்மா ஃப்ரீதானே

2025 ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு வைத்தோம், கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலேயே. நானும் என் ஓர்ப்படியும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஐந்து வகைச் சாதம் கிளறி வைத்தோம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கன்னத்தில் சந்தனம் தடவி வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பேச்சு வழக்கம்போல் "லீவு எத்தனை மாசம், அப்புறம் குழந்தையை யாரு பாத்துக்குவாங்க" என்பதில் வந்து நின்றது. அவள் பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பேறுகால விடுப்பு 26 வாரம். 2026 ஏப்ரல் கடைசியோடு அது முடிந்துவிடும். "அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் வந்து இருந்துக்கறேன்" என்றார் சம்பந்தியம்மா. மகள் இரண்டு கை நிறைய வளையலோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "2027 மே வரைக்கும் ஓட்டிட்டாப் போதும் அத்தை. அப்புறம் அம்மா ஃப்ரீதானே." சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அவள் அன்பாகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று ராத்திரி பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் படுத்த பிறகு அந்த ஒரு வார்த்தை தூங்கவிடவில்லை. 2027 மே 31. அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியையாக நான் பணி ஓய்வு பெறும் நாள். பல வருடமாக அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நான் எண்ணுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. என்னைத் தவிர இன்னொருவரும் அதே தேதியை எண்ணிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

தள்ளிப்போன தேதி

நான் பிறந்தது 1967 ஐப்பசியில், அடைமழை நேரத்தில் என்று அம்மா சொல்வாள். பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறையவில்லை என்று தலைமையாசிரியர் 1967 ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். என் வயதுக்காரர்கள் பலருக்கு இப்படித்தான். மே மாதம் இவ்வளவு பேர் ஓய்வு பெறுவதற்கு அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்களின் பேனாவும் ஒரு காரணம். அதிலும் முதல் தேதியில் பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. அதனால் என் தேதி மே 31. கோடை விடுமுறையில் வருகிற நாள் அது. கடைசி வகுப்பு ஏப்ரலிலேயே முடிந்துவிடும். மே 31 அன்று பள்ளியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

1998-ல் பணியில் சேர்ந்தபோது ஓய்வு வயது 58. ஆகவே என் கணக்கில் முதலில் இருந்தது 2025 மே 31. ஐம்பது தாண்டிய பிறகு, டைரியின் கடைசிப் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தேன். 2020-ல் ஊரடங்கு. மே 7 அன்று தொலைக்காட்சியில் செய்தி ஓடியது: அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வு வயது 59. என் கணவர் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, 2019-ல் 58 வயதில் ஓய்வு பெற்றவர். "நல்லதுதானே, ஒரு வருஷச் சம்பளம் கூட வருது" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த பிப்ரவரியில், 25-ம் தேதி, சட்டமன்றத்தில் மறுபடியும் அறிவிப்பு வந்தது. இந்த முறை 60. டைரியை எடுத்து இன்னும் இருபத்து நாலு கோடு போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பக்கம் போதவில்லை.

அந்த இரண்டு வருடத்தால் எனக்குக் கிடைத்ததை மறைக்கக் கூடாது. மகள் கல்யாணக் கடனை அந்தச் சம்பளத்தில்தான் அடைக்கிறேன். முழு ஓய்வூதியத்துக்கு 30 வருடப் பணிக்காலம் வேண்டும். 58-ல் போயிருந்தால் எனக்கு 27 வருடம்தான், இப்போது 29. பழைய ஓய்வூதியத்தில் இருப்பவள் நான். என் பக்கத்து மேசை ஆசிரியை 2004-ல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் விழுந்தவர். மாதாமாதம் அவர் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள். "உங்களுக்காவது மாசம் இவ்வளவு வரும்னு தெரியும் டீச்சர்" என்பார். ஓய்வை ஆசையோடு எதிர்பார்ப்பதற்கே ஒரு வசதி வேண்டியிருக்கிறது என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அவரும் நானும் ஒரே வேலை செய்கிறோம். ஒரே பேருந்தில் வருகிறோம்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஒன்பது வருடம் கடிதத்துக்காகக் காத்திருந்தவள் நான். தபால்காரர் தெருமுனை திரும்பும் சத்தம் அப்போது எனக்கு அத்துப்படி. 2013-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டு இன்னும் பணி நியமனத்துக்காகப் போராடிக்கொண்டிருப்பவர்களைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம், நான் கூடுதலாக உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருடையது என்று நினைப்பேன். 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேறு வந்தது. ஒன்று முதல் எட்டு வரை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களில், ஐந்து வருடத்துக்கு மேல் பணி மீதம் உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம். இருபது வருடம் பாடம் நடத்திய பக்கத்து மேசை ஆசிரியை, மறுநாள் மதிய இடைவேளையில் குழந்தை உளவியல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். "நீங்க தப்பிச்சீங்க" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலை பிடிக்காமல் அல்ல

ஓய்வை எண்ணுகிறேன் என்றால் வேலை கசந்துவிட்டது என்று நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குக் காலை எட்டரை மணிக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கிறேன். கணக்குத் தேர்வில் வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. பதினாறு மதிப்பெண்ணைக் கையில் பிடித்துவிட்டால் முப்பத்தைந்து என்கிற கரை கண்ணுக்குத் தெரியும். போன மாதம் ஒரு பெண்ணை உட்காரவைத்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொல்லிக்கொடுத்தேன். அவள் காம்பஸில் திருகு லூஸ். பென்சில் நழுவாமலிருக்கக் காகிதத்தை மடித்துச் செருகியிருந்தாள். 3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு, அதற்கு மையக்குத்துக்கோடு, அந்த நடுப்புள்ளியை வைத்து இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடங்களுக்குப் புள்ளியிலிருந்து இரண்டு கோடு. அளந்து பார்த்தாள். 7.4. மற்றதையும் அளந்தாள். "டீச்சர், ரெண்டும் ஒண்ணாவே வருது!" என்றாள். யாரும் வாயால் சொல்லித் தராமல் அவள் கையே கண்டுபிடித்த முதல் தேற்றம் அது. அந்த முகத்தை 27 வருடமாகப் பார்க்கிறேன். ஒரு தடவைகூடச் சலித்ததில்லை.

சலித்திருப்பது உடம்பு. நாலரைக்கு எழுந்து, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து, ஏழு இருபது டவுன் பஸ்ஸைப் பிடிப்பேன். 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் நிற்க இடமும் இல்லை. நாள் முழுக்க நின்று, ஆறரைக்கு வீடு திரும்பும்போது கணுக்கால் செருப்பு வாருக்கு மேல் வீங்கியிருக்கும். அப்படியே அடுப்படி. இதைப் புகாராகச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற எல்லாப் பெண்களின் நாளும் இதுதான், படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வீட்டின் பதினோரு மணி

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறேன் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது. காசி ராமேஸ்வரம் போகும் ஆசை பெரிதாக இல்லை. கேட்கவும் இல்லை யாரும். இது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. 2019-ல் என் கணவர் ஓய்வு பெற்றபோது விசேஷத்துக்கு வந்தவர்கள், தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இனிமே என்ன பண்ணப் போறீங்க சார்?" அவர் யோசித்து யோசித்து ஆளுக்கொரு பதில் சொன்னார். என்னிடம் யாரும் கேட்பதில்லை, சொல்கிறார்கள். "ரிட்டயர்ட் ஆனதும் பேரப்பிள்ளையோட பெங்களூர்தான்." "இனிமே சாருக்கு மூணு வேளையும் சூடாச் சாப்பாடு." "உங்க நாத்தனாருக்கு முட்டி ஆபரேஷன் பண்ணணுமாமே, நீங்க ஃப்ரீ ஆனதும் வெச்சுக்கலாம்னு இருக்காங்க." என் ஓய்வுக்காலம் எனக்கு வந்து சேருமுன்பே பங்கு பிரிந்துவிட்டது. பங்கு போட்டவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை.

வளைகாப்பு முடிந்து மூன்று வாரம் இருக்கும். நகரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர் பயிற்சி என்று வரச் சொல்லியிருந்தார்கள். போய்க் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். கருத்தாளர் வரவில்லை. பத்தரை மணிக்கு, வேறு தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், கலையலாம் என்றார்கள். எங்கள் தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். "மதியம் முதல் பீரியடுக்கு வந்துடுங்க, போதும்" என்றார். வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கணவர் தஞ்சாவூர் போயிருந்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனபோது கடிகாரத்தில் மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

எங்களுடையது பழைய வீடு. நடுவில் சின்ன முற்றம். குரங்குத் தொல்லைக்காக மேலே கம்பி வலை போட்டது. கல்யாணமாகி வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நான் அந்த முற்றத்தைக் கடப்பேன். சனி ஞாயிறுகளில் பதினோரு மணி வரும், ஆனால் அது அடுப்படியில் வரும். ஊரடங்கில் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தேன். அப்போது பதினோரு மணிக்குக் கையில் போனை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வேலை நாளில், ஒருவரும் இல்லாமல், ஒன்றும் அடுப்பில் இல்லாமல் அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

பையை வைத்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தேன். கம்பி வலையின் நிழல் பாதி சுவரிலும் பாதி தரையிலும் விழுந்திருந்தது. சுவரில் இருந்த கட்டங்கள் இணைகரங்களாக இழுபட்டுச் சாய்ந்திருந்தன. தரையில் இருந்தவை சரியான சதுரங்கள். வெயில் ஏற ஏறச் சுவரிலிருந்து ஒவ்வொரு வரிசையாகத் தரைக்கு இறங்கி வந்தது. இறங்கிய வரிசை சாய்வை விட்டுச் சதுரமானது. இணையான தளத்தில் விழும் நிழல் உருவம் மாறாது என்பது கணக்கு படித்தவளுக்குத் தெரியாததா? ஆனால் என் வீட்டுக்குள் இது தினமும் நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டில் யாரோ அம்மியில் தேங்காய் அரைத்தார்கள். தெருவில் கீரைக்காரம்மா விலையை இறக்கிக்கொண்டே போனார். ஒரு அணில் வலை மேல் ஓடியது, அதன் நிழல் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவியது. நான் காப்பிகூடப் போடவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியது இதுதான், இத்தனை வருடமாக எண்ணிக்கொண்டிருந்தது இதற்காகத்தான் என்று அப்போது தெரிந்தது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவின் நினைவு வந்தது. 1999-ல் மகள் பிறந்தாள். அன்றைக்கு எங்களுக்குப் பேறுகால விடுப்பு 90 நாள்தான். (2011-ல் அதை ஆறு மாதமாக்கினார்கள், 2016-ல் ஒன்பது, 2021-ல் ஒரு வருடம்.) தொண்ணூற்றோராவது நாள் குழந்தையை யாரிடம் விடுவது? மாமியார் அப்போது இல்லை. அம்மா வந்தாள். இதே ஊஞ்சலில், இதே நிழலுக்குப் பக்கத்தில், என் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டின் பதினோரு மணியைப் பார்த்தவள் அவள்தான். ஊரில் அவளுக்கு ஒரு கறவை மாடு இருந்தது. பால் ஊற்றி வரும் காசு அவள் முந்தானை முடிச்சிலேயே இருக்கும். அந்தக் காசுக்கு அப்பாவிடம்கூட அவள் கணக்குச் சொன்னதில்லை. மாட்டை விற்றுவிட்டுத்தான் இங்கே வந்தாள் என்பதை, அவள் போன பிறகு என் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா, நீ வந்து இருக்க முடியுமா என்று நான் அவளைக் கேட்டேனா? எவ்வளவு யோசித்தும் கேட்டதாக நினைவில் வரவில்லை. அம்மா ஊரில் சும்மாதானே இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். ஃப்ரீ என்கிற வார்த்தைதான் அப்போது இல்லை.

பன்னிரண்டு அடிப்பதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். மதியம் எட்டாம் வகுப்புக்குக் காரணிப்படுத்துதல் நடத்தினேன்.

ஊஞ்சலில்

மகள் தீபாவளிக்கு வந்தவள், பிரசவத்துக்கு இங்கேயே தங்கிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "ஜூன்ல நீ வர்றதுக்குள்ள பெரிய வீடாப் பாத்துடுவோம்மா, உனக்குத் தனி ரூம்" என்றாள். சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக வார்த்தை கோத்து வைத்திருந்தேன். எல்லாம் கலைந்துவிட்டது. "ஜூன்ல நான் வரலைடி" என்று மட்டும் வந்தது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏம்மா, குழந்தை உனக்குப் பாரமா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இல்லை என்று அவசரமாகச் சொன்னால் பழையபடி ஆகிவிடும் என்று தெரிந்தது. பாட்டியின் மாட்டைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. பாட்டி மடியில் வளர்ந்தவள், பாட்டி என்றாலே உருகிப்போகிறவள். "நான் அவளை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாலும் அவ வந்திருப்பா. ஆனா கேக்கலை. நீ என்னைக் கேளு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை எழுந்து நிற்பது போன்ற குரலில் கேட்டாள்: "அம்மா, 2027 ஜூன்ல பெங்களூர் வந்து குழந்தையைப் பாத்துக்க முடியுமா?"

"முடியாது. 2028 பொங்கல் முடிஞ்சதும் வரேன்."

சொன்னதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெற்ற பெண்ணிடம், அதுவும் நிறைமாதத்தில் இருப்பவளிடம் முடியாது என்று சொல்லிவிட்டோமே என்று அன்று இரவும் மறுநாளும் மனசு கிடந்து அல்லாடியது உண்மை. சம்பந்தியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஏழு மாதத்துக்கு அவர்கள் என்ன ஏற்பாடு செய்வார்கள் என்று தெரியவில்லை. பெங்களூரில் குழந்தைகள் காப்பகத்துக்கு ஆகும் செலவில் பாதியை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது என் காசு, கொடுக்க முடியும்.

அன்று அவள் வேறொன்றும் பேசவில்லை. நான் மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தபோது காலைத் தானாகவே நீட்டினாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அந்த ஏழு மாசம் என்னம்மா பண்ணுவ?"

"பதினோரு மணிக்கு முத்தத்துல உக்காருவேன்."

"அப்புறம்?"

"அது வரைக்கும்தான் யோசிச்சிருக்கேன்" என்றேன்.